எட்டரையின் நடை

எங்கள் தபால் நிலையத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க ஒன்பது வட்டங்கள். எட்டு சமதளம். ஒன்பதாவதுக்கு மேட்டு வட்டம் என்று பெயர். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஆரம்பித்து, குன்றின் முதுகில் ஏறி, உச்சியில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி வரை போய், பின்பக்கமாக இறங்கி வர வேண்டும். வண்டி போகாது. எல்லாம் கல்படி. நல்ல மழை பிடித்தால் படியே ஓடையாகிவிடும். அந்த வட்டத்துக்கு வருகிற ஆண்கள் ஆறு மாதத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாற்றல் கேட்பார்கள். எட்டரை அதைக் கேட்டு வாங்கி ஏழு வருடம் நடந்தாள்.

காலை எட்டரை மணிக்கு மேட்டின் முதல் கதவைத் தட்டிவிடுவாள். முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மேட்டில் பல வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். "எட்டரை வந்துட்டாளா?" என்று கேட்டுக் கேட்டு அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் அங்கே கடிதம் பிரிக்கிறவள். புறாக்கூடு மாதிரி அறுபத்து நாலு கட்டம் போட்ட மர அலமாரி முன்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். காலையில் கட்டுகளை ரப்பர் வளையம் போட்டு அவளிடம் கொடுப்பதும் நான்தான், சாயங்காலம் வீடு திரும்பினால் எதிர்க்கதவில் அவளைப் பார்ப்பதும் நான்தான். இருவரும் ஒரே கட்டடத்தில் மூன்றாவது மாடி. நடுவில் நாலடி அகலத்துக்கு ஒரு நடைபாதை. ஆகவே அந்த வீட்டில் நடந்ததில் முக்கால்வாசியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைச் சுவர் சொல்லிற்று.

அந்த வீட்டில் மூன்று பேர். எட்டரையின் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஊரையே ஏத்தி இறக்குறேன், என் பொண்டாட்டி மட்டும் படியில ஏறுறா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது அதற்கு மேல் ஒரு தமாஷ். மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. திரைச்சீலை தைக்கிறவள். ஜன்னலோரம் மிதி இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு பெரிய பெரிய துணிகளுக்கு நடுவில் கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். அவளுடைய கணவர் என்றோ வேறு ஊரில் வேறு குடும்பமாகிப் போனவர். தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது தனியாகப் போய்விடுகிறேன் என்று அவள் பெட்டியைக் கட்ட, எட்டரைதான் பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாளாம். அண்ணி, அண்ணி என்று அவள் பின்னாலேயே சுற்றுவாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருடம் எட்டரை முழுகாமல் இருந்தாள். எட்டாவது வாரத்தில் தங்காமல் போய்விட்டது. அன்றைக்குக் காலையில் மழையில் மேடு ஏறியிருந்தாள். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு வாரம் படி என்ற வார்த்தையே யார் வாயிலும் வரவில்லை. அதுவே சொன்னது மாதிரிதான்.

இந்த வருடம் குளிர் முடிகிற சமயத்தில் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. எட்டரை என்னிடம் அலமாரிக்குப் பின்னால் வந்து, கடிதக் கட்டை வாங்கிக்கொண்டே, காதோடு சொன்னாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் சிரிப்பு இல்லை. மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

அண்ணிதான் நிறுத்திவிட்டாள். சத்தம் போட்டு அல்ல. காலையில் எட்டரை காலணியைத் தேடியிருக்கிறாள், காணோம். அண்ணி அதை எடுத்துத் தன் துணிமூட்டைக்கு அடியில் வைத்துவிட்டு, இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்று மாதம் முடிகிற வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரே ஒரு வாக்கியம். லிஃப்ட்காரர் அக்கா பேச்சைத் தட்டியதில்லை. எட்டரைக்கும் எதிர்த்துப் பேச வாயில்லை. போன தடவை மழையில் மேடு ஏறியது அவளுக்கும் நெஞ்சில் முள்ளாகத்தானே இருந்தது.

பதினோரு நாள் படுத்துக் கிடந்தாள். நான் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். ஜன்னலை மூடி, அண்ணி தைத்த கனத்த திரை ஒன்றைப் போட்டிருந்தார்கள். தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் தொடாமல் இருக்கும். மசக்கை படுத்தி எடுத்தது. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்துகொண்டே இருப்பாள். அண்ணி அவளுக்குத் தண்ணீரைக்கூடக் கையில் கொடுக்காமல் வாயருகே பிடித்தாள். கழிப்பறைக்குப் போகையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அப்படி ஒரு கவனிப்பைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஆள் வாடிக்கொண்டு வந்தாள்.

ஏழாவது எட்டாவது நாளில், அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம், எட்டரை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குக் கால் இருக்கற மாதிரியே இல்ல. காலைல எந்திரிச்சா முட்டி மடங்க மாட்டேங்குது. வயிறு போக மாட்டேங்குது. தூக்கமும் வரல. படுத்துக்கிட்டு நாள் பூரா ஒண்ணே ஒண்ணுதான் செய்யறேன். இருக்கா, போயிடுச்சா, இருக்கா, போயிடுச்சான்னு கேட்டுக்கிட்டே கிடக்கறேன். நடந்தா அந்தக் கேள்வி இவ்வளவு சத்தமா கேக்காதுக்கா."

அண்ணியிடம் சொல்லிப் பாரேன் என்றேன். தலையை ஆட்டினாள். சொல்ல முடியாது என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

டாக்டரிடம் போகிற நாள் வந்தது. ஏழாவது வாரம். லிஃப்ட்காரர் விடுப்பு சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் கிளம்புகிற நேரத்தில் எங்கோ ஒரு கட்டடத்தில் ஏழெட்டுப் பேர் லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டார்கள் என்று போன் வந்துவிட்டது. போகாமல் இருக்க முடியாத வேலை. அதனால் நான் துணைக்குப் போனேன். மூன்று மாடிப் படி இறங்குவதற்குள் அண்ணிக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு படிக்கும் எட்டரையின் இடுப்பைத் தாங்கினாள். பீங்கான் பானையை இறக்குவது மாதிரி இறக்கினாள்.

டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிறவள். எட்டரையைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தாள். எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். கறுப்பும் சாம்பலுமாக ஒரு திரை. அதில் மொச்சைக்கொட்டை மாதிரி ஏதோ ஒன்று. அதன் நடுவில் ஒரு புள்ளி மின்னி மின்னி அணைந்தது. தூரத்து வீட்டில் விளக்கு பழுதானால் துடிக்குமே, அந்த வேகத்துக்கு.

அதுதான் இதயம் என்றாள் டாக்டரம்மா. உடம்பில் முதலில் வேலைக்கு வருகிற ஆள் அதுதானாம். கையும் காலும் இன்னும் மொட்டு அளவுக்குத்தான் வந்திருக்கிறது, மூக்கில்லை, கண்ணிமை இல்லை, ஆனால் அது அடித்துக்கொண்டிருக்கிறது என்றாள். நான் என் வாழ்நாளில் எத்தனையோ லட்சம் கடிதங்களைக் கையால் தொட்டிருக்கிறேன். எதையும் பார்த்து அப்படி வாயடைத்து நின்றதில்லை. எட்டரை கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். அண்ணி திரையைப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அதிக வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி.

பிறகு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தாள், எடை பார்த்தாள், கால் ஏன் இப்படித் தளர்ந்திருக்கிறது என்று கேட்டாள். அண்ணி பெருமையாகவே சொன்னாள், பதினோரு நாளாகக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை என்று.

டாக்டரம்மா யார் அப்படிச் சொன்னது என்றாள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றாள் அண்ணி. டாக்டரம்மா எட்டரையிடம் என்ன வேலை என்று விசாரித்தாள். மேட்டு வட்டம், கல்படி, பை எவ்வளவு கனம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒன்று விடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, நடக்கலாம் என்றாள். நடந்தால் நல்லது என்றே சொன்னாள். மசக்கை கொஞ்சம் அடங்கும், வயிறு போகும், தூக்கம் வரும், மனசு ஒரு நிலையில் நிற்கும். கனமான பை வேண்டாம், வழுக்குகிற படி வேண்டாம், வெயிலில் காயக் கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றினாலோ வலி வந்தாலோ ரத்தம் பட்டாலோ அப்படியே நிறுத்திவிட்டு இங்கே வர வேண்டும்.

"எவ்வளவு வேகம்னு கேட்டா, நடக்கும்போது பக்கத்துல இருக்கறவங்களோட பேச முடியணும். பேச மூச்சு வாங்குச்சுன்னா வேகத்தைக் குறை. அவ்வளவுதான் அளவு. உன் இதயம் இப்பவே ரெண்டு பேருக்கு வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சும்மா. ரத்தம் கூடிக்கிட்டே வருது. இத்தனை வேலை உள்ள நடக்கும்போது உன்னை மட்டும் யாரு படுக்கச் சொன்னது."

எட்டரை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மேஜையில் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் மடியில் ஏதோ துணியை நேராக இழுத்துவிடுவது போல அசைந்துகொண்டிருந்தது. பிறகு, யாரும் எதுவும் கேட்காமலே, அவள் பேசினாள்.

"நான் பீரோவை நகர்த்தினேன்."

டாக்டரம்மா புரியாமல் நிமிர்ந்தாள்.

"பத்தாவது வாரம். பீரோவுக்குப் பின்னாடி ஒட்டடை. நகர்த்தினேன். மறுநாளு போயிடுச்சு. அப்புறம் எனக்குத் தங்கவே இல்ல."

"எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

"பத்தொம்பது."

"இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயாவது இதைக் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும். தெரிஞ்ச விஷயம்தானே."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த சீட்டைத் தள்ளி வைத்தாள். நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"அது பீரோவால போகல. இவளுக்குப் போன வருஷம் போனது படியாலயும் போகல. அந்த மாசத்துல தங்காம போறதுல பாதிக்கு மேல, கரு உண்டாகும்போதே உள்ள ஏதோ கூட்டல் கழித்தல் தப்பாயிருக்கும். அது வளர முடியாத கரு. நீங்க ராணி மாதிரி படுத்திருந்தாலும் போயிருக்கும். நடந்ததால, குனிஞ்சதால, வீட்டு வேலை செஞ்சதால அது போறதில்லம்மா."

அண்ணி மெதுவாக, என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லவில்லையே என்றாள். "காலை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா என் புள்ள இருந்திருக்கும்னு சொன்னாரு. போற அன்னைக்கும் அதைச் சொல்லிட்டுத்தான் போனாரு."

டாக்டரம்மா எழுந்து வந்து அண்ணியின் தோளில் கையை வைத்தாள். அண்ணி அழவில்லை. எட்டரைதான் அழுதாள். அண்ணிக்குத் தங்காமல் போன கதை அவளுக்கு முன்பே தெரியும், அன்றைக்கு அண்ணியிடம் சொல்ல முடியாது என்றது அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேராகத் துணிமூட்டையைத் தூக்கிக் காலணிகளை எடுத்து, தன் முந்தானையால் தூசி தட்டி, வாசலருகே வைத்தாள். அன்றைக்கு அவள் இயந்திரத்தை மிதிக்கவில்லை. வேலையில்லாத கால்களை நீட்டி உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று லிஃப்ட்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

எங்கள் தபால் அதிகாரி எட்டரைக்கு ஆற்றங்கரை வட்டத்தை மாற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷன். அவருக்கு மூன்று பெண்கள். தட்டையான சாலை, இரண்டு பக்கமும் மரம். கட்டுகளை நான் இரண்டாகப் பிரித்தேன். பாதியைத் தபால் வண்டிக்காரர் முன்னாலேயே கொண்டுபோய் வழியிலுள்ள பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். பையில் ஒரு சமயத்துக்கு ஒரு பாதிதான் இருக்கும். அதையும் தோளில் தொங்கவிடாமல் சக்கரம் வைத்த கூடையில் தள்ளிக்கொண்டு போக ஏற்பாடு.

முதல் நாள் காலை அண்ணியும் கிளம்பி வந்துவிட்டாள். தம்பியின் பழைய காலணியைப் போட்டுக்கொண்டு, நுனியில் துணி அடைத்து. கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், மடியில் வறுத்த கடலை. தபால் நிலையத்தில் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா பேசிக்கொண்டே நடக்கச் சொல்லியிருக்கிறாள், பேச ஆள் வேண்டாமா என்று அவள் கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டிலேயே குறைவாகப் பேசுகிற ஆள் அவள்.

நடந்ததை எட்டரை சொல்லக் கேட்டேன். முதல் தெரு தாண்டுவதற்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கிவிட்டதாம். எட்டரை நின்று, "பேச முடியுதா அண்ணி?" என்று கேட்டாளாம். அண்ணி கையை ஆட்டி, பேச முடியவில்லை என்று சைகை காட்ட, இருவரும் ஒரு மரத்தடியில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். ஆற்றின் மேல் பனி எழும்பிக்கொண்டிருந்ததாம். கடைசித் தெருவில் எட்டரைக்குப் பசித்திருக்கிறது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் பசி. கடலை முழுவதையும் அவளே தின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் இருவரும் போனார்கள். முதல் வாரம் பாதி வட்டம். அடுத்த வாரம் முழுவதும். எட்டரையின் கன்னத்தில் நிறம் வந்தது. குமட்டல் காலையில் மட்டும் வந்துவிட்டுப் போயிற்று. அண்ணிக்கும் நிறம் வந்ததை நான் கவனித்தேன், சொல்லவில்லை. சொன்னால் நடப்பதை நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஆற்றங்கரை வீடுகளில் அண்ணி யார் யாருடைய ஜன்னலுக்கு எந்தத் திரை பொருந்தும் என்று அளந்துகொண்டே நடப்பாளாம். நாலு வீட்டில் வேலையும் பேசிவிட்டாள். அவள் இத்தனை பேருடன் பேசி எட்டரையே பார்த்ததில்லை.

பத்தாவது வாரம் வந்தது. அந்த வீட்டில் அந்த எண்ணை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனாலும் அண்ணி அந்த வாரம் முழுக்கத் தைத்த துணியைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நேர்க்கோடு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அண்ணி நின்றாள். முகம் சுண்ணாம்பு மாதிரி.

"ரத்தம். கொஞ்சம்தான். கூட வரீங்களா?"

ஆட்டோவில் எட்டரை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வலி இல்லை என்றாள். இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கோத்து வைத்திருந்தாள். முந்தின நாள் அவர்கள் வழக்கத்தைவிட ஒரு தெரு அதிகமாக நடந்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். எட்டரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

லிஃப்ட்காரர் அன்றைக்கும் வேலையில் இருந்தார், ஊரின் மறு கோடியில். அண்ணி போனில் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் குரல் உயர்வது எனக்கே கேட்டது. இதோ வருகிறேன் என்றார். அப்புறம், நேற்று அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாமோ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவம். பயந்த மனுஷன் வாயில் முதலில் வந்தது அது.

அண்ணி போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். குரல் உயரவேயில்லை.

"தம்பி, அந்தப் பேச்சை எடுக்காத. இப்பவும் எடுக்காத, எது நடந்தாலும் எடுக்காத. அதை ஒருத்தர் சொல்லித்தான் எனக்குப் பத்தொம்பது வருஷம் போச்சு. இவ நடந்ததால ஒண்ணும் இல்ல. இருந்தாலும் இல்லன்னாலும், இவ நடந்ததால இல்ல. புரியுதா? வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு வா."

போனை மடியில் வைத்தாள். எட்டரை அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். கோத்திருந்த கைகள் அப்போதுதான் பிரிந்தன. ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியது. அண்ணி எதற்கும் பல்லைக் கடிக்கவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே மலைப்பாக இருந்தது. தனக்கு நடந்தபோது ஒருவரும் சொல்லாததை, பத்தொன்பது வருடம் யாராவது சொல்வார்களா என்று கேட்கக்கூடத் தெரியாமல் இருந்ததை, அவள் இன்னொருத்திக்குச் சரியான நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா வெறும் வயிற்றோடு வந்திருந்தாள், ஞாயிறு என்பதால் வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கேன் கருவியை எட்டரையின் வயிற்றில் வைத்தாள். அறை குளிர்ந்திருந்தது. நான் சுவரோரம் நின்றேன். எட்டரை திரையைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணி பார்த்தாள். போன தடவை குனிந்துகொண்டவள், இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

முதலில் வெறும் இருட்டு. டாக்டரம்மா கையைச் சற்றே சாய்த்தாள். இருட்டுக்குள் ஒரு வெளிச்சக் குட்டி. மொச்சைக்கொட்டை போயே போயிருந்தது. தலை இருந்தது. முதுகு இருந்தது. கட்டைவிரலின் மேல் பாதி அளவுகூட வராத ஒரு ஆள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு காலையும் சேர்த்து உந்தி எம்பிக் குதித்தது. திரும்பி விழுந்தது. மறுபடி எம்பியது. ஒரு கையை முகத்துக்கு நேரே தூக்கி ஆட்டியது.

"எட்டரை, திரும்பிப் பாரு" என்றாள் அண்ணி. அவள் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

எட்டரை திரும்பினாள். இதயம் நிமிடத்துக்கு நூற்று அறுபத்தெட்டு என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு பேரில் ஒருத்திக்கு இந்த மாதங்களில் இப்படிக் கொஞ்சம் ரத்தம் படும், உடனே வந்து காட்டியது சரி, ரத்தம் நிற்கும் வரை இரண்டு மூன்று நாள் வட்டம் வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம், அதற்காகத் திரும்பக் கட்டிலில் ஏறிவிடாதே, நின்றதும் பழையபடி போகலாம். இதெல்லாம் எங்கள் காதில் ஏறியதா என்றால் பாதிதான் ஏறியது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று எட்டரை முணுமுணுத்தாள். "இவ்வளவு ஆட்டம் போடுது, எனக்கு உள்ள ஒண்ணுமே தெரியலையே."

"இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தெரியாது" என்றாள் டாக்டரம்மா. "உனக்குத் தெரியாம அது பாட்டுக்குப் பண்ணிக்கிட்டிருக்கும். தூங்கும், முழிச்சா குதிக்கும்."

இன்னொரு தடவை காட்ட முடியுமா என்று அண்ணி கேட்டாள். டாக்டரம்மா காட்டினாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். அதற்கும் காட்டினாள். பத்தாவது வாரத்தில் ஒரு குழந்தை எப்படி இருக்கும் என்று அண்ணி பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடையது எப்படி இருந்தது என்று அவளுக்கு யாரும் காட்டியிருக்கப் போவதில்லை. அவள் திரையைத் தொட விரலை நீட்டினாள், பிறகு தொடக் கூடாதோ என்று விரலை மடக்கிக்கொண்டாள். தொடுங்கம்மா என்றாள் டாக்டரம்மா. அண்ணி அந்தக் கண்ணாடியின் மேல், அது குதிக்கிற இடத்தில், ஒரு விரலை வைத்து அப்படியே நின்றாள்.

வெளியே வந்தோம். எட்டரை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நடைகூடத்தில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். தள்ளுவண்டி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அண்ணியின் போன் அடித்தது. லிஃப்ட்காரர்தான். சிக்னலில் நிற்பதாகச் சொன்னார், என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று இரண்டு தடவை கேட்டார்.

இருக்கு என்றாள் அண்ணி. நல்லா இருக்கு என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"டேய், அது என்ன பண்ணுது தெரியுமா? இப்படிப் பண்ணுதுடா" என்றாள் அண்ணி.

போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேர் நடமாடுகிற கூடத்தின் நடுவில், அவள் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி ஆட்டிக் காட்டினாள். பிறகு தம்பியின் பெரிய காலணிகளோடு, இரண்டு காலையும் சேர்த்து, தரையை விட்டு ஓர் அங்குலம் எம்பினாள். போனில் இருக்கிறவனுக்கு அது தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்படி, இப்படி என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் எம்பினாள்.